மனைவி எனச் சொல்லப்படுபவர்

பிலோமினா சாட்சிக் கூண்டில் ஏறியதும் முதல் வேலையாகக் கைக்குட்டையை எடுத்து மரச்சட்டத்தைத் துடைத்தார். அவருக்கு முன்னால் நின்ற யாருடைய வியர்வையோ அதில் ஈரமாகக் கிடந்தது. துடைத்து முடித்து, கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

தமிழ்ச் சாட்சிகள் எல்லோரும் அப்படித்தான். நீதிபதி மேலே இருப்பார், சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டுடன் எதிரே நிற்பார்கள். ஆனால் சாட்சியின் கண் உரைபெயர்ப்பாளரிடம்தான் இருக்கும். பிலோமினாவுக்குக் கடைத்தெருச் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர் அல்லவா. நீதிமன்றச் சிங்களம் வேறு சாதி. அதற்குத்தான் நான்.

பெட்ரோல் வரிசைகள் ஓய்ந்து ஊர் கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கிய காலம். நான் ஓய்வு பெறுவதற்கு அதிக நாள் இருக்கவில்லை. புதுக்கடை நீதிமன்றத்தில் அன்று மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். உயரமானவர், குரலை உயர்த்தாதவர். சிங்களத்தில் கேட்டார்: “மரித்தவருடைய ‘பார்யாவ யைய் கியன’ நீங்கள், எந்த ஆண்டிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறீர்கள்?”

‘பார்யாவ’ என்றால் மனைவி. ‘யைய் கியன’ என்ற அந்த வாலில்தான் நான் தடுக்கி நின்றேன்.

சொல்லப்படுவதும் சொல்லிக்கொள்வதும்

அந்தச் சிங்கள வாலுக்கு இரண்டு முகம் உண்டு. ‘மனைவி என்று மற்றவர்கள் சொல்கிற’ என்றும் எடுக்கலாம், ‘மனைவி என்று தானே சொல்கிற’ என்றும் எடுக்கலாம். சிங்களத்தில் பேசுகிறவர் இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிட்டுப் போய்விடலாம். தமிழில் அது முடியாது. ‘சொல்லப்படுகிற’ என்றால் ஒன்று, ‘சொல்லிக்கொள்கிற’ என்றால் வேறொன்று. முதலாவதில் ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் ஒரு பெண்ணின் முகத்தில் காறித் துப்புவது இருக்கிறது.

நான் நீதிபதியிடம் அனுமதி கேட்டேன். “கனம் கோட்டார் அவர்களே, இந்தச் சொல்லைத் தமிழில் இரண்டு விதமாகச் சொல்லலாம். எந்தப் பொருளில் கேட்கிறார் என்று தெரிந்தால் நல்லது.”

நீதிபதி ஒரு பெண்மணி. பேனாவை வைத்துவிட்டுச் சட்டத்தரணியைப் பார்த்தார். அவர் மெல்லச் சிரித்தார். “தன்னை மனைவி என்று சொல்லிக்கொள்கிறவர். அந்தப் பொருளில்தான்.”

கேட்டுவிட்டேன், இனிச் சொல்லத்தான் வேண்டும். பிலோமினாவின் பக்கம் திரும்பினேன்.

“ராமையாவின்ர மனைவி எண்டு உங்களை நீங்களே சொல்லிக்கொள்ளுறீங்கள். அப்பிடியான நீங்கள், எப்ப இருந்து அந்த வீட்டில இருக்கிறீங்கள் எண்டு கேக்கிறார்.”

அவர் கோபப்படவில்லை. ஏதோ கணக்கில் பிழை கண்டவர் போல நெற்றியைச் சுருக்கினார்.

“நான் அப்படிச் சொல்லிக்கிட்டதே இல்லையே மிஸ். எனக்கு அதுக்குத் தேவை வரல்ல. எல்லாரும் சொன்னாங்க தானே.”

அதைச் சிங்களத்துக்கு மாற்றினேன். நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். பிலோமினாவின் சட்டத்தரணி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த இளம் பெண், சட்டென்று நிமிர்ந்தார். அந்தப் பதிலின் பெறுமதி அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

‘ஆம்’ என்னும் ஒட்டு

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விடயம் நடந்தது என்று சொல்லாமல், நடந்ததாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொல்ல நம்மிடம் ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. வந்தானாம், போனானாம், விற்றுவிட்டார்களாம். சிங்களத்திலும் அதே வேலையைச் செய்ய ‘லு’ இருக்கிறது. ‘ஆவலு’ என்றால் வந்தானாம். இரண்டு மொழிக்காரரும் எவ்வளவோ விடயத்தில் சண்டை பிடித்திருக்கிறார்கள். ஆனால் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்று சொல்ல இரு பக்கமும் ஒவ்வொரு வாலை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதானால் படிக்கட்டில் இந்த ஆம்தான் ஏறி இறங்கும். மூன்றாம் மாடிப் பிள்ளைக்குக் கனடாவில் சம்பந்தமாம். கீழ்வீட்டை விற்கப் போகினமாம். சொல்கிறவர் எதற்கும் பொறுப்பில்லை. ஒட்டு எல்லாவற்றையும் சுமந்துகொள்ளும்.

எழுத்துத் தமிழுக்கு வந்தால் அது கோட்டும் டையும் போட்டுக்கொள்கிறது. எனக் கூறப்படும், எனக் கருதப்படும், எனச் சந்தேகிக்கப்படும். பத்திரிகைக்காரருக்கும் எங்களுக்கும் அது தினச் சோறு. தேவையான சொல்லும்கூட. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரைக் ‘கள்வன்’ என்று எழுத முடியாது. ‘களவாடியதாகக் கூறப்படும்’ என்றுதான் எழுத வேண்டும். அந்த இடத்தில் அது ஒரு மனிதனைக் காப்பாற்றும் குடை.

அதே குடை சில நேரம் ஆளின் மேல் மூடியாக விழுந்துவிடும். யுத்த காலத்தில் என் தம்பியை ஒரு சுற்றிவளைப்பில் வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து கொண்டுபோனார்கள். ஊரிலிருந்து வெளிநாடு போகவென்று வந்து தங்கியிருந்தவன். எங்கள் வீட்டில் இடம் போதாது என்று லொட்ஜில் விட்டிருந்தோம். பத்திரிகையில் பெயர் வந்தது, ‘சந்தேகிக்கப்படும்’ என்ற சொல்லோடு. விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்று எழுத்திலும் தந்தார்கள். விட்ட செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அவன் இப்போது நோர்வேயில் பஸ் ஓட்டுகிறான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். போன வருடம் தொலைபேசியில் கதைத்தபோது, ஏதோ பகிடிக்கு நடுவே, “அக்கா, அந்தச் சொல்லை என்னில இருந்து எடுத்து விடேல்லையே ஒருத்தரும்” என்றான்.

கூண்டில் நின்ற பிலோமினாவிடம் அந்த வாலைச் சொல்ல நான் தயங்கியதற்கு மொழி மட்டும் காரணமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ராமையா

வழக்கு ஒரு வீட்டைப் பற்றியது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட சின்ன வீடு. ராமையா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இளம் வயதில் கொழும்புக்கு வந்தவர். பிலோமினா கத்தோலிக்கக் குடும்பம். தையல் வேலை.

இருவரும் விரும்பினார்கள். தேவாலயத்தில் கட்டாவிட்டால் மகளே இல்லை என்றார் பிலோமினாவின் தகப்பன். கோயிலில் கட்டாவிட்டால் மகனே இல்லை என்றார் ராமையாவின் தாய். இரண்டு பக்கமும் ஆறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இவர்கள் ஒரு வாடகை அறையில் சட்டி பானையோடு குடியேறினார்கள். ஆறுவதற்குள் பெரியவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பதியப் போவதற்கு இருவருக்கும் வெட்கம். “இந்த வயசில ரெஜிஸ்ட்ரார் முன்னால போய் நின்னா சிரிப்பாங்கன்னு அவர் சொல்வார்,” என்று பிலோமினா கூண்டில் சொன்னார். பிள்ளைகள் இல்லை.

ராமையா நெஞ்சுவலியில் போனார். வீடு அவர் பெயரில் இருந்தது. சில மாதம் கழித்து, ஹட்டனில் இருந்த தம்பி கணேசன் வழக்குப் போட்டார். அண்ணன் மணம் முடிக்காதவர், ஆகவே வீடு தனக்கு, அங்கே இருப்பவர் வெளியேற வேண்டும் என்பது வழக்கு.

பிலோமினாவுக்குப் போக வேறு இடம் இல்லை. அதைவிட, அவர் அந்த வீட்டில் யாராக இருந்தார் என்பதையே வழக்கு கேட்டது.

ஊர் வாய்

பிலோமினாவின் சட்டத்தரணி நீதிபதியிடம் வாதத்தை விளக்கியபோது, நான் அருகில் நின்று தணிந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த நாட்டின் பொதுச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. இருவர் நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்து, அயலும் உறவும் அவர்களை அப்படியே ஏற்றிருந்தால், அவர்கள் மணம் முடித்தவர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்கிறவர்தான் இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

பிலோமினா என் காதருகே குனிந்தார். “அப்ப ஊர் சொல்றதுதான் சாட்சியா மிஸ்?”

“ஓம், இந்த விஷயத்தில.”

“அந்த ஊர் எங்களப் பத்தி ஆரம்பத்தில என்னெல்லாம் சொல்லிச்சு தெரியுமா?” என்றார். சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அது புதுமையாக இருந்தது. இவ்வளவு காலமும் சாட்சி ஒருவர் “அவர் அடிச்சவராம்” என்றால் உடனே ஆட்சேபம் எழும். கேள்விப்பட்டதைச் சொல்லாதே, கண்டதைச் சொல் என்பார்கள். ஆமும் லுவும் நீதிமன்ற வாசலில் செருப்போடு கழற்றி வைக்க வேண்டியவை. இங்கேயோ ஊர் சொன்னதே தேவைப்பட்டது.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி சோமா சாட்சிக்கு வந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவரை மடக்கப் பார்த்தார்.

“அவர்களுக்குக் கல்யாணம் நடந்ததைக் கண்டீர்களா?”

“இல்லை. நான் அந்த ஒழுங்கைக்கு வரும்போதே அவர்கள் இருந்தார்கள்.”

“அப்படியானால் மனைவி என்று எப்படித் தெரியும்?”

சோமா யோசித்தார். “ஐயா, என் புருஷனோடு எனக்குக் கல்யாணம் நடந்ததை அந்த ஒழுங்கையில் யாரும் காணவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.”

நீதிபதி குனிந்து எழுதினார். அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

கணேசன் கூண்டில்

கணேசனின் முறை வேறொரு விசாரணைத் தவணையில் வந்தது. மெலிந்த மனிதர். சட்டைக் கழுத்துப் பட்டன்வரை பூட்டியிருந்தார். பிலோமினா உட்கார்ந்திருந்த வாங்கின் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

தன் சட்டத்தரணியின் கேள்விகளுக்குப் படித்து வந்தது போலப் பதில் சொன்னார். அண்ணனுக்குப் பதிவு இல்லை. அண்ணனுக்கு வாரிசு தான்தான். பிறகு பிலோமினாவின் சட்டத்தரணி எழுந்தார். சத்தமே இல்லாமல் தொடங்கினார். இளம் வயதில் வேலை தேடிக் கொழும்புக்கு வந்தபோது எங்கே தங்கினீர்கள்?

“அண்ணன் வீட்டுலங்க.”

சமைத்தது யார்?

அவர் கழுத்துப் பட்டனைத் தடவினார். நான் கேள்வியை மறுபடி சொன்னேன்.

“அங்க இருந்தவங்கதாங்க.”

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

“விடியக்காலையில அண்ணி போன் பண்ணுச்சுங்க. உடனே பஸ் ஏறிட்டேன்.”

சொல்லிவிட்டார். தான் சொன்னது அவருக்கே தெரியவில்லை. நான் சிங்களத்தில் சொன்னேன்: ‘அண்ணனின் மனைவி தொலைபேசியில் சொன்னார்.’

கணேசனின் சட்டத்தரணி எழுந்துவிட்டார். “ஆட்சேபம். உரைபெயர்ப்பாளர் தீர்ப்பையும் சேர்த்து மொழிபெயர்க்கிறார். ‘அண்ணி’ என்பது தமிழர்கள் மரியாதைக்குச் சொல்லும் சொல்.”

நீதிபதி என்னைக் கேட்டார். “அந்தச் சொல்லின் பொருள் என்ன?”

“அண்ணனின் மனைவி.”

“மரியாதைக்காகச் சொல்வதில்லையா?”

பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மை எதுவோ அதைத்தான் சொல்ல முடியும்.

“சொல்வதுண்டு. உறவில்லாதவரையும் அண்ணன் என்று அழைத்தால் அவர் மனைவியை அண்ணி என்பது வழக்கம்.”

சட்டத்தரணி திருப்தியோடு உட்கார்ந்தார். பிலோமினாவின் கையிலிருந்த ஒரு கயிறை நானே அறுத்துவிட்டது போல இருந்தது.

நீதிபதி சொன்னார்: “அப்படியானால் சாட்சிதான் சொல்ல வேண்டும். எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள்.”

கேட்டேன். “அண்ணி எண்டு சொன்னீங்கள். அது மரியாதைக்குச் சொன்னதோ, இல்லாட்டி அண்ணனின்ர மனைவி எண்டு சொன்னதோ?”

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. ‘மரியாதைக்கு’ என்ற ஒரு சொல் போதும். அவருடைய சட்டத்தரணி அதை வெள்ளித் தட்டில் வைத்த மாதிரி முன்னே வைத்திருந்தார். கணேசன் கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே யாரோ ஒரு வழக்கின் பெயரைக் கூவி அழைத்தார்கள்.

அப்போதுதான் பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தார்.

“மரியாதைக்குன்னா அக்கான்னு கூப்புட்டிருப்பேங்க,” என்றார். “அண்ணி தாங்க. அண்ணன் பொஞ்சாதி.”

நீதிமன்றத்தில் தமிழ் தெரிந்தவர்கள் மட்டும் அசைந்தார்கள். மற்றவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். நான் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவர் மேலே தொடர்ந்தார், யாரும் கேட்காமலே.

“பதிவு இல்லன்னு சொன்னாங்க. பதிவு இல்லாதது நெசந்தாங்க. வீடு ஒனக்குத்தான் வரும்னு எல்லாரும் சொன்னாங்க, போட்டேன். ஆனா அது அண்ணி இல்லன்னு நான் என் வாயால எங்கயும் சொல்லல. பேப்பர்ல சிங்களத்துல என்ன எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க.”

அதையும் சொன்னேன், ஒரு சொல் விடாமல். ஒரு பெண்ணின் மேல் இவ்வளவு நாளும் தொங்கிய ‘சொல்லிக்கொள்ளும்’ என்ற அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. யாரோ தட்டச்சுச் செய்தார்கள், யாரோ ஒப்பமிட்டார்கள், சட்டத்தரணி கட்சிக்காரருக்காகக் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்.

தவணை முடிந்து தாழ்வாரத்துக்கு வந்தபோது பிலோமினா தூணோடு சாய்ந்து நின்றார். நல்லதுதானே நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகம் அதற்கு இடம் தரவில்லை.

“தெரிஞ்சிருக்கு மிஸ். எல்லாம் தெரிஞ்சேதான் இருந்திருக்கான். தெரியாமச் செஞ்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.”

கணேசன் அந்தத் தாழ்வாரத்தின் மறுமுனையில், கேட்கும் தூரத்தில்தான் நின்றார்.

தீர்ப்பு நாள்

தீர்ப்பு பிலோமினாவுக்குச் சாதகமாக வந்தது. நீண்ட தீர்ப்பு, சிங்களத்தில். முடிவை அவருக்குத் தமிழில் சொல்வது என் வேலை. சட்டத் தமிழில் அதற்கு ‘ஊகம்’ என்ற சொல் இருக்கிறது. வேறு சொல் போட எனக்கு அதிகாரம் இல்லை.

“நீங்கள் ராமையாவின் மனைவி என ஊகிக்கப்படுகிறீர்கள். வழக்குத் தள்ளுபடி. வீட்டிலிருந்து உங்களை எழுப்ப ஏலாது.”

அவர் முகத்தில் மகிழ்ச்சி வந்து, பாதி வழியில் நின்றது.

“ஊகமா?”

“ஓம்.”

“இன்னமும் ஊகிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்களா?”

வெளியே கூட்டிவந்து வாங்கில் உட்கார வைத்து விளக்கினேன். வீட்டில் நாம் சொல்லும் ஊகம் அல்ல இது. ஒருவர் வந்து பிழை என்று நிரூபிக்கும்வரை சட்டத்துக்கு அதுதான் உண்மை. நிரூபிக்க இனி யார் வரப் போகிறார்கள்?

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “உங்களுக்கும் உங்க மிஸ்டருக்கும் பதிவு இருக்கா மிஸ்?” என்றார்.

“இருக்கு.”

“அப்ப நீங்க ஊகமில்ல.”

“பேப்பரில இல்லை,” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இருவரும் சிரித்தோம். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பாலா என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த என் வீட்டுக்காரரைப் பற்றி அன்று பின்னேரம் பஸ்ஸில் நிறைய யோசித்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

கணேசனும் வந்திருந்தார். தோற்றவர்கள் வழக்கமாகத் தீர்ப்பு வாசித்த கையோடு போய்விடுவார்கள். இவர் வாயிற்கதவுக்கருகே, கையில் ஒரு மழைக்கோட்டை வைத்துக்கொண்டு நின்றார். ஹட்டனில் மழையாக இருந்திருக்கும். கொழும்பில் வெயில் கொளுத்தியது.

பிலோமினா எழுந்து நேராக அவரிடம் போனார். ஏதும் நடந்துவிடுமோ என்று நானும் பின்னால் போனேன்.

“அடுத்த மாசம் அவருக்குத் திவசம்,” என்றார். “சமைக்கிறது நான். மந்திரம், பூசை ஒண்ணும் எனக்குத் தெரியாது. போன வருஷம் நீ ஹட்டன்ல தனியாச் செஞ்சே, நான் இங்க தனியா மெழுகுதிரி கொளுத்தினேன். இந்த வருஷம் ஐயரை நீ கூட்டிட்டு வரணும்.”

கணேசன் தலையை ஆட்டினார்.

“தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு.”

“வர்றேங்க,” என்றார் கணேசன்.

பிலோமினா குடையை விரித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். கணேசன் சற்று நேரம் அந்த இடத்திலேயே நின்றார். பிறகு வேகமாகப் போய் அவர் கையிலிருந்த பையை வாங்கினார். பிலோமினா திரும்பிப் பார்க்கவில்லை. பையை மட்டும் கொடுத்தார்.